அத்தை திருப்பி அனுப்பிய செய்தி

“கையை நீட்டிப் பாத்தீங்களா, சிஸ்டர்?”

அத்தை முதலில் கேட்டது அதைத்தான். அசோக் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில், கையில் ஹார்லிக்ஸ் டம்ளரோடு நின்றபடி கேட்டார். கேள்வியில் கேலி இல்லை. சந்தேகம் இருந்ததாகவும் தெரியவில்லை. வெளியூர் கிளம்புகிறவரிடம் கதவைப் பூட்டினீர்களா என்று விசாரிப்பது போலத்தான் இருந்தது. கேட்கப்பட்டவர் அத்தையின் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி. சைதாப்பேட்டையிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். அன்று அதிகாலை தன் வீட்டு பீரோவுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுத்திய ஒருவர் நின்றதாகவும், வந்தவர் தேவதூதர்தான் என்றும், அவர் கொண்டுவந்த செய்தி என்னைப் பற்றியது என்றும் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

செய்தி இதுதான். இந்த வீட்டு மருமகள் ஊசி மருந்துகளை நிறுத்திவிட்டு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். எடுத்தால் வருஷம் திரும்புவதற்குள் குழந்தை. எடுக்காவிட்டால் கர்ப்பம் அடைபட்டே கிடக்கும்.

தலையில் ஈரத்துண்டோடு நான் கூடத்தில் நின்றிருந்தேன். தரமணிக்குப் போகும் அலுவலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நேரம். சகோதரி என்னைப் பார்த்து அழுதார். பிறகு அத்தையின் கேள்விக்குப் பதில் சொன்னார்: “அம்மாம் வெளிச்சமா நின்னுக்கினு இருக்க சொல்ல கையை நீட்டவா தோணும், அக்கா?” அத்தை தலையை ஆட்டினார். ஹார்லிக்ஸை அவர் கையில் கொடுத்து, ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார்.

இந்தக் கை நீட்டும் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் கணவரின் தாயான அத்தை, மார்மன் கிறிஸ்தவர். இயேசுவின் முதல் சீடர்கள் மறைந்தபின் மூல போதனை மங்கிப்போனது என்றும், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் தேவதூதர்கள் வழியாக அது மறுபடி பூமிக்குத் தரப்பட்டது என்றும் அவர்கள் நம்புகிறார்கள். தூதர்கள் வந்துதான் எல்லாம் தொடங்கியது என்று நம்பும் சபையில், எனக்கும் ஒருவர் வந்தார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடும். அதனால் தொடக்க காலத்திலேயே ஒரு சோதனையும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வந்தவரிடம் கைகுலுக்கக் கையை நீட்ட வேண்டும். உயிர்த்தெழுந்து உடல் பெற்ற தூதரானால் கையைப் பிடிப்பார். சதையும் எலும்பும் நம் கைக்குத் தட்டுப்படும். இன்னும் உடல் பெறாத நல்ல ஆத்மாவானால் அசையாமல் நிற்பார். இல்லாத கையை இருப்பதாகக் காட்ட அவருக்கு மனம் வராது. ஏமாற்ற வந்தவனோ கையை நீட்டுவான். ஆனால் நம் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. இதை அத்தை எனக்கு ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். அந்த மூவரில் எனக்குப் பிடித்தவர் நடுவில் வருகிறவர்தான். நல்ல செய்தி கொண்டுவந்தும், தன்னிடம் இல்லாததைக் கொடுக்க மாட்டேன் என்று கையைக் கட்டி நிற்பவர்.

அத்தை பொதுப்பணித் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில்தான். கணவர் இறந்த அடுத்த வருடம், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இந்தச் சபையின் இரண்டு இளைஞர்கள் கதவைத் தட்டி, திக்கித் திக்கித் தமிழ் பேசினார்களாம். அவர்கள் சொன்னதில் அத்தையைப் பிடித்து நிறுத்தியது வானம் மூடிக்கிடக்கவில்லை என்ற ஒரு விஷயம். சிறு வயதிலிருந்தே அவருக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஆபிரகாமோடும் பவுலோடும் பேசிய கடவுள், இப்போது மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு அடி வாங்கியிருக்கிறார். பேசுகிறார் என்று சொல்ல இரண்டு பையன்கள் வீட்டுக்கே வந்தபோது, உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார். சில மாதங்கள் படித்து, ஜெபித்து, தயங்கி, தண்ணீரில் இறங்கினார். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் கணவரும் அம்மாவின் பின்னால் போனார்.

நான் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தவள். எங்கள் திருமணத்துக்கு என் அம்மா சம்மதித்த பிறகும் ஒரு கவலை மட்டும் அவளை விடவில்லை. “அவாத்துல காபியே கிடையாதாமேடி, நீ எப்படி இருப்பே?” என்றாள். உண்மைதான், அந்தச் சபையில் யாரும் காபி, டீ இரண்டையும் தொடுவதில்லை. ஆனால் நான் அந்த வீட்டில் கண்விழித்த முதல் காலையில் சமையலறையிலிருந்து டிகாக்‌ஷன் வாசனை வந்தது. அத்தை என் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, பொடியின் அளவையும் வெந்நீரின் பதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். “எனக்கு ருசி தெரியாது, நீதான் சொல்லணும்” என்று டபராவை நீட்டினார். அன்றிலிருந்து தினமும் அவரே போட்டுக் கொடுத்தார். ஒரு முறையும் தன் சபைக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. ஆனால் பிற்பகல்களில் அவர் அறைக் கதவைத் தாண்டும்போது, முணுமுணுக்கும் ஜெபத்துக்கு நடுவில் என் பெயர் கேட்கும். என்ன வேண்டுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு நாள் நானாகவே வர வேண்டும். பிறகு, எங்களுக்கு ஒரு குழந்தை.

அந்த இரண்டையும் ஒரே மூச்சில் தருவதாகச் சொன்னது சைதாப்பேட்டைச் சகோதரியின் செய்தி.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. சிகிச்சை ஒருமுறை தோற்று, இரண்டாவது சுற்றுக்கு ஏற்பாடாகியிருந்தது. அந்த நாட்களில் என் உடம்பு என்னுடையதாக இல்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி, மறுபடி ஸ்கேன். ரங்கநாதன் தெருவில் எல்லோரும் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது நான் மட்டும் குழந்தைகள் பிரிவைச் சுற்றிக்கொண்டு போவேன். பீரோ ஓரம் தூதர் நின்றார் என்பதை நான் நம்பினேனா என்று இப்போது கேட்டால் பதில் தெரியவில்லை. நம்ப விரும்பினேன். அது போதுமானதாக இருந்தது. முருகனுக்கு வேண்டிக்கொண்டு அலகு குத்திக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தைக்காகத் தண்ணீரில் ஒரு முறை முங்கி எழுவது என்ன பெரிய காரியம் என்று தோன்றியது. என் கணவரிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். சற்று நேரம் கழித்து, நீ வந்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் வெகுநாட்களாகப் பார்த்திருக்கவில்லை.

அந்த வாரமே சகோதரி மறுபடி வந்தார். எனக்காக வெள்ளையில் ஒரு நீள அங்கி தைத்துக் கொண்டுவந்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு உடுத்துவது. கழுத்துப்பட்டியில் மெல்லிய பின்னல் வேலை. இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். என் தோளில் வைத்து அளவு பார்த்தார். அத்தை அங்கியை வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்தார். நான் தயாராக இருப்பதாக அன்று மாலை அவரிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் தலையைத் தடவிவிட்டு, கொஞ்சம் பொறு என்றார். மறுநாள் அவர் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. முக்கியமான காரியம் என்றால் அவர் அப்படித்தான் உபவாசம் இருப்பார்.

சிகிச்சையின் முதல் ஊசி போட வேண்டிய காலை வந்தது. நான் கிளம்பவில்லை. செய்தியில் அதுவும் இருந்ததே. அத்தை குடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “கெளம்பு, ஆட்டோ கீழ நிக்குது” என்றார். போக வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றேன். வழியில் பேசலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினார்.

தி.நகர் மேம்பாலத்துக்கு அடியில் ஆட்டோ நின்றுவிட்டது. எங்கேயோ குழாய் உடைந்து பாதையை மறித்திருந்தார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, “இன்னாம்மா பண்றது, இப்பிடியேதான் கீது தினமும்” என்று சொல்லி இறங்கி முன்னால் பார்க்கப் போனார். சுற்றிலும் ஹாரன் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அத்தை பேசினார்.

“நீ தண்ணியில இறங்கணும்னு இந்த ஆறு வருஷமும் ஜெபத்துல கேட்டிருக்கேன். உனக்குத் தெரியும். நான் ஆசைப்பட்டதையே ஒருத்தர் கொண்டுவந்து கையில குடுக்கறப்ப, நான் மத்தவங்களவிட ரெண்டு மடங்கு உத்துப் பாக்கணுமில்ல?”

அவர் தொடர்ந்து சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். கடவுள் தன்னோடு பேசுவார் என்று அவர் நம்புகிறார். தன் வீட்டைப் பற்றியும் தன் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றியும் பேசுவார். சபைக்கு வேண்டியதை சபையின் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசுவார். என் வயிற்றைப் பற்றி, என் ஆத்மாவைப் பற்றி, என்னைத் தாண்டி சைதாப்பேட்டையில் இருக்கும் ஒருவரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும்? எனக்குக் காது இல்லையா? அடுத்து, அந்தச் செய்தியில் ஒரு மிரட்டல் இருந்தது. எடுக்காவிட்டால் அடைபட்டுக் கிடக்கும் என்று. மனிதருக்குத் தெரிந்தெடுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தவர் அதைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பி வாங்க மாட்டார் என்பதுதான் அத்தை கற்றுக்கொண்ட போதனை. தூதர் வந்தாரா, நிழல் விழுந்ததா என்று அவருக்குத் தெரியாது. வந்தவரைத்தான் தொட்டுப் பார்க்க முடியவில்லை, வந்த செய்தியையாவது தொட்டுப் பார்க்கலாமே என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கே டாக்டர் உனக்குக் குழந்தை உண்டாயிடுச்சுன்னு சொன்னா, அப்பவும் ஞானஸ்நானம் எடுப்பியா?”

எடுப்பேன் என்று சொல்ல வாயெடுத்து, வெளியே நின்ற பேருந்தைப் பார்த்தேன். அவருக்கு அது போதும் என்று தெரிந்தது. “அப்போ இப்படி வராதம்மா” என்றார். தான் ஆறு வருடம் கேட்டது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது, அதைத் தன் கையாலேயே தள்ளிவைக்கிற ஒரு பெண்ணை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் திரும்பி வந்து இன்ஜினைக் கிளப்பினார். நான் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை விஷயத்தை சபையின் உள்ளூர்க் கிளைத் தலைவரிடம் கொண்டுபோனார். பள்ளிக்கூட வேன்கள் ஓட்டிப் பிழைக்கிறவர் அவர். சபைக்குச் செய்யும் ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது. சகோதரியைத் தனியே அழைத்து, மிகவும் மென்மையாகப் பேசினாராம். அவருடைய ஜெபமும் உபவாசமும் கடவுளுக்குத் தெரியும். ஆனால் அடுத்த வீட்டுக்கான செய்தியைச் சுமக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. மருத்துவரின் மருந்தை நிறுத்தச் சொல்வதை சபை ஏற்பதில்லை. சகோதரி எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். சில மாதங்களில் ஞாயிறு கூட்டத்துக்கும் வரவில்லை. அவர் வேண்டுமென்றே பொய் சொன்னாரோ என்று நான் ஒரு நாள் கேட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் சொல்றவங்க ராப்பகலா உக்காந்து காலர்ல பின்னல் போடுவாங்களா? நம்ம மேல இருக்கற பிரியம் அவங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கு” என்றார்.

இரண்டாவது சுற்றும் தோற்றது.

அடுத்த சில வாரங்களில் நான் மெல்லத் தேறினேன். ஆனால் அத்தை தேறவில்லை. ஜெபிக்கும் நேரத்தில் அவர் அறையிலிருந்து முணுமுணுப்பு வருவது நின்றுபோனது. காபியில் இரண்டு முறை சர்க்கரை போட்டார். ஒரு சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். கையில் என் கணவரின் சட்டையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “ஒருவேளை அந்தத் தூதர் நிஜமாவே வந்திருந்தாருன்னா? நானே வாசல்ல நின்னு திருப்பி அனுப்பிட்டனோ?” என்றார். எத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டிருந்தாரோ. தன் நம்பிக்கையின் விதிப்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சுகிற பயம் அது. அதற்கு எந்தச் சோதனையும் எங்கும் எழுதப்படவில்லை.

சபையில் இல்லாத நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் பெரிதாக யோசிக்கவில்லை. “உங்க சாமி எனக்குக் குழந்தை குடுக்கலைங்கறது வேற விஷயம், அத்தை. அவர் பேரம் பேசமாட்டார்னு அன்னிக்கு ஆட்டோல சொன்னீங்களே, அதைக் கேட்டப்பதான் முதல் தடவையா எனக்கு அவர் மேல மரியாதை வந்தது” என்றேன். அத்தை சட்டையை உதறி மடித்தார். மறுநாள் மதியம் கதவுக்குப் பின்னாலிருந்து என் பெயர் மறுபடி கேட்டது. ஏதாவது பதில் வந்ததா என்று விளையாட்டாகக் கேட்டேன். குரல் எதுவும் கேட்கவில்லை, ஆனால் வயிற்றில் இருந்த எரிச்சல் அடங்கிவிட்டது என்றார். பெரும்பாலும் அவருக்குக் கடவுள் அப்படித்தான் பேசுவாராம்.

தத்து எடுக்கும் எண்ணம் எனக்குத்தான் வந்தது. அது எந்த வெளிச்சத்திலும் வரவில்லை. அலுவலகப் பேருந்தில், மத்திய கைலாஷ் சிக்னலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் தொலைபேசியில் அவள் மகள் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. எனக்கு வேண்டியது கர்ப்பம் இல்லை, இந்தத் தொணதொணப்புதான் என்று தோன்றியது. வீட்டில் சொன்னபோது என் கணவர் தயங்கினார். அத்தை தயங்கவில்லை, ஆனால் அவசரப்படுத்தவும் இல்லை. மகன் தானாகச் சரி என்று சொல்லும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார். காத்திருப்பும் அலைச்சலுமாக வருடங்கள் போயின. கடைசியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் வாரம் யாரிடமும் பேசவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

செய்தி எப்படியோ சைதாப்பேட்டைக்கும் எட்டியிருக்கிறது. ஒரு பண்டிகை நாளின் பிற்பகலில் சகோதரி வாசலில் வந்து நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, “பாத்தீங்களாக்கா, குழந்தை வரும்னு சொன்னது வந்துடுச்சில்ல?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தை அவருக்கு முறுக்குத் தட்டை நகர்த்தினார். “வந்துடுச்சு சிஸ்டர். ஆனா இவ இன்னும் தண்ணியில இறங்கலியே” என்றார். அதில் குத்தல் துளியும் இல்லை. சகோதரி யோசித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அழுதார். செய்தி கொண்டுவந்த அந்தக் காலத்தில் அவருடைய மகன் துபாய்க்குப் போய் ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்தானாம். ஜெபிக்கத் தன் வீட்டில் யாரும் இல்லாததால் எங்கள் வீட்டுக்காகவே ஜெபித்துக் கிடந்ததாகச் சொன்னார். அத்தை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சபைக்கு ஆட்டோவில்தான் போகிறோம், வழியில் வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்றார். அந்த வாரமே ஏற்றிக்கொண்டார்.

அத்தைக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் இன்னும் மாட வீதிக்காரிதான். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் பாட்டியோடும் அப்பாவோடும் சபைக்குப் போகிறாள். அவர்கள் வழக்கப்படி குழந்தைக்கு எட்டு வயதானால்தான் ஞானஸ்நானம். தானே யோசித்து முடிவெடுக்கும் வயது அது என்று நம்புகிறார்கள். இவளுக்கு எட்டு நெருங்குகிறது. சபையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் போன மாதம் அத்தையிடம் நாள் குறிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அத்தை பேத்தியையே கேட்கச் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தனக்குத் தண்ணீர் என்றால் பயம், முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு பிறகு சொல்வதாகச் சொன்னாள். அத்தை அதை அப்படியே அந்த ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமையென்றே எனக்குப் பட்டது.

அதனால் இப்போது சனிக்கிழமை காலைகளில் மூவரும் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். அத்தை துண்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போன வாரம் அவள் ஓரக் கம்பியிலிருந்து கையை எடுத்து, நாய்க்குட்டி போலக் கால்களை அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். அத்தை எழுந்து நின்றதில் மடியிலிருந்த துண்டு தண்ணீரில் விழுந்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் ஈரத் தலையோடு எங்கள் நடுவில் உட்கார்ந்து, அடுத்த வாரம் இன்னும் ஆழமான பக்கம் போகலாமா என்று தொணதொணத்தாள். அப்படியென்றால் அந்த இன்னொரு விஷயத்துக்கு என்ன பதில் என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அத்தையைப் பார்த்தேன். அவர் ஈரத்துண்டைப் பிழிந்து ஆட்டோவின் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆழமான பக்கத்துக்கு நீச்சல் மாஸ்டர் சொன்னால் போகலாம் என்று மட்டும் அவளுக்குப் பதில் சொன்னார்.